வெர்லின் போட்ட கட்டை

வெர்லின் ஸ்டாக்கிக்கு அந்த ஜூலையில் ஐம்பத்தெட்டு வயசு. கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷம். வருஷா வருஷம் இரண்டு வாரம் ஏரிக்கரைக்கு வருவார்கள். வந்த அத்தனை தடவையும் அவள் வண்டிக்குப் பின்னால்தான் நின்றாள்.

மலையேரிப் பக்கம் முகாம் போடுகிற சனங்களுக்கு அது புதுசில்லை. ஆம்பளை பிக்கப்பில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பான். அவன் பெண்டாட்டி இறங்கிப் பின்னால் போய், "வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடி, ஹோல்டான்" என்று கையை ஆட்டுவாள். பிக்கப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு முப்பதடி நீள வீட்டுவண்டி வரும். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் அதற்குள் உண்டு. இந்தச் சங்கதியை மரத்துக்கும் பாறைக்கும் நடுவில் ரிவர்ஸில் நுழைக்க வேண்டும். நுழைந்து நின்றதும் சக்கரத்துக்கு அடியில் கட்டை போட வேண்டும். அதுவும் பெண்டாட்டி வேலைதான்.

இதில் சண்டை வராத ஜோடியை நான் பார்த்ததில்லை. சாமியார் மாதிரி இருக்கிற ஆள்கூட ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் வாயில் நல்ல வார்த்தை வராது. அதை வேடிக்கை பார்க்கவென்றே சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு கூட்டம் மடக்கு நாற்காலியை ரோட்டோரம் போட்டு பியரும் கையுமாக உட்கார்ந்துவிடும். காகிதத் தட்டுகளில் ஒன்றிலிருந்து பத்து வரை எழுதி வைத்திருப்பார்கள். ஒரு வண்டி நின்றதும் தட்டைத் தூக்கி மார்க் காட்டுவார்கள். கத்தக் கத்தக் கைதட்டல். மனுஷனுக்கு மனுஷன் தொல்லை கொடுக்காத நல்ல விளையாட்டு என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். வெர்லின் புருஷன் டுவேன் ஸ்டாக்கி அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எத்தனை வருஷம் ஒளிந்துகொண்டிருந்தான் என்று இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வெர்லின் மரம் அறுக்கிற மில் ஊரில் பிறந்தவள். அப்பாவுக்கு மில்லில் இரண்டு விரல் போயிற்று. இவள் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். நானூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. கரண்டியும் கையுமாக நின்று, "டேய், கேரட்டை யார்டா குப்பையில போட்டது, எடுறா" என்று ஒரு அதட்டு அதட்டினால் மண்டபமே கப்சிப். அப்படிப்பட்ட தொண்டை. அந்தத் தொண்டை வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் அடைத்துக்கொள்ளும்.

டுவேன் மரக்கட்டை லாரி ஓட்டினவன். தோளும் கையும் தேக்குக் கட்டை மாதிரி இருக்கும். பார்த்த மாத்திரத்தில் பெண்களுக்குப் பிடிக்கும். ஊரில் யார் வண்டி பனியில் புதைந்தாலும் சங்கிலியோடு ஓடி வருவான். அவனைக் கெட்டவன் என்று சொன்னால் ஊர் நம்மையே திருப்பிக் கேட்கும்.

கல்யாணம் ஆன அதே வருஷம், இதே ஏரிக்கரையில், அவள் "லெஃப்ட்" என்றாள். அவளுக்கு லெஃப்ட், அவனுக்கு ரைட். பின் விளக்கு மரத்தில் பட்டு உடைந்தது. அவன் நிதானமாக இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, யாருக்கும் தெரியாத மறுபக்கத்தில் வைத்து ஓங்கி அறைந்தான். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு பாலாடைக்கட்டி ரொட்டி வாட்டினாள்.

மறு வருஷம் கட்டை. வண்டி நின்றுவிட்டது என்று நினைத்து அவன் சொல்வதற்கு முன்னாலேயே போட்டுவிட்டாள். அவன் இன்னும் ஒரு அரையடி பின்னால் எடுத்தான். சக்கரம் கட்டையில் ஏறிக் குலுங்கி, காபி அவன் மடியில் கொட்டியது. அன்றைக்கு வீட்டுவண்டிக்குள் கூட்டிப்போய் அவள் இடது கைச் சுண்டுவிரலைப் பிடித்து ஒரு குச்சியை ஒடிக்கிற மாதிரி ஒடித்தான்.

"நான் சொன்னப்புறம்தான் கட்டை. நான் சொல்றதுக்கு முன்னாடி போடக் கூடாது. புரியுதா? வாயத் தொறந்து சொல்லு."

"நீ சொன்னப்புறம்தான்."

அந்த விரல் கோணலாகவே கூடிவிட்டது. டாக்டரிடம் கதவில் நசுங்கியது என்றாள். அப்புறம் தோள்பட்டை எலும்பு, பந்தல் கம்பி விழுந்ததாம். இரண்டு பல், ஐஸில் வழுக்கியதாம். போன மார்ச்சில் இடது காதோடு சேர்த்து விட்டான் ஒன்று. அந்தக் காது கேட்காமலே போய்விட்டது. படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு, "எப்படி அடிபட்டதுன்னு நான் கேக்கல. இன்னொரு தடவை தலையில பட்டா நீங்க இங்க நடந்து வர மாட்டீங்க. தூக்கிட்டுத்தான் வருவாங்க" என்று சொன்னாள்.

வெர்லின் அன்றைக்கு முடிவு செய்தாள். ஜூனில் பள்ளிக்கூடம் மூடியதும் வேலையை விட்டாள். அக்கா ஆர்டிஸிடம் மட்டும் சொன்னாள். வீட்டிலிருந்து ஓட முடியாது. காட்டு ரோட்டில் பன்னிரண்டு மைல் உள்ளே வீடு. சாவியெல்லாம் அவன் பையில். ஏரிக்கரை முகாம் என்றால் சுற்றி ஆள் இருப்பார்கள், நாலு பேர் பார்க்க என்ன செய்துவிடுவான் என்று கணக்குப் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு முகாம் கேட்டுகிட்ட நிக்கிறேன். ஒரு துணியும் எடுக்காத. நீ நடந்து வந்தா போதும்டி" என்று ஆர்டிஸ் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டரைக்கு வழியில் டீசல் போட நிறுத்தினார்கள். வெர்லின் கழிப்பறைக்குப் போனாள். போனை சீட்டில் வைத்துவிட்டுப் போனாள், பாவி. திரும்பி வந்தபோது டுவேன் அதைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உங்க அக்கா கூப்புட்டா. நான்தான் எடுத்தேன். நான் பேசறதுக்குள்ள, 'அஞ்சு மணி, மறந்துறாத'ன்னுட்டு வச்சுட்டா. என்ன அஞ்சு மணிக்கு?"

"அவ... ஹக்கிள்பெரிப் பழம் வச்சு பை சுட்டுக் கொண்டாறேன்னா."

"அப்படியா" என்றான். அவ்வளவுதான். மிச்ச நாற்பது மைலும் ஒரு வார்த்தை பேசவில்லை. முகாம் இருக்கிற பூங்காவின் வாசலைத் தாண்டும்போது அவன் ரேடியோவை அணைத்தான். அவன் கத்தினால் அவளுக்கு என்ன வரும் என்று தெரியும். பேசாமல் இருந்தால் தெரியாது. மடியில் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டு, தண்ணீரில் மலை தெரிகிற வளைவு வரைக்கும் அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். இன்னும் ஒரு மணி நேரம். இன்னும் ஐம்பது நிமிஷம்.

முகாமில் நாற்காலிகள் ஏற்கெனவே போட்டாயிற்று. முகாமைப் பார்த்துக்கொள்கிற ஆரின் ஸ்கார், எழுபது வயசு, தன் பேட்டரி வண்டியில் குதியாகக் குதித்து வந்தான்.

"வாங்க மகராசங்களே! போன வருஷம் அஞ்சு மார்க். இந்த வருஷமாவது பாஸ் பண்ணுங்கப்பா. பதினாலாம் நம்பர் இடம், உங்களுக்குன்னே வச்சிருக்கேன். பின்னால ஏரி, பாத்து. பத்தடி பள்ளம்."

வெர்லின் கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். லார்ச் மரத்தில் அறுத்த ஆப்புக் கட்டை, ஒரு முனையில் கயிறு கட்டியிருக்கும். ஆரின் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"ஆரின், இன்னிக்கு நீ கொஞ்சம் பக்கத்துல நில்லு. எனக்கு..."

டுவேன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். நாற்காலிக் கூட்டம் ஓவென்று கத்தியது.

"போம்மா போ, முதலாளி கூப்புடுறாரு" என்று ஆரின் சிரித்துக்கொண்டே அவள் முதுகில் தட்டினான். அந்தத் தட்டை அவன் இன்னும் மறக்கவில்லை. என்னிடம் நாலைந்து தடவை சொல்லிவிட்டான்.

பதினாலாம் இடத்துக்கு ஒரு பக்கம் ஃபிரிட்ஜ் உயரத்துக்குப் பாறை. மறுபக்கம் பெரிய லார்ச் மரம். பின்னால் சரளை முடிகிற இடத்தில் கரை அப்படியே கீழே போகிறது. வெர்லின் கரை ஓரமாக, டிரைவர் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்றாள். கண்ணாடியில் அவன் முகம் இவளுக்குத் தெரிந்தால், இவள் அவனுக்குத் தெரிகிறாள் என்று அர்த்தம். அந்த வேலையின் முதல் பாடமே அதுதான்.

"வரலாம். வரலாம். கொஞ்சம் ரைட்டு. வரலாம்."

வண்டி ஒழுங்காகத்தான் வந்தது. பாறையைத் தாண்டியது. பத்தடி, எட்டடி, ஆறடி. அவள் வலது கையைத் தூக்கினாள்.

"ஹோல்டான்!"

வண்டி நிற்கவில்லை.

"டுவேன், ஹோல்டான்! போதும்!"

கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே பெருக்கல் குறி மாதிரி வைத்தாள். மலையேரிப் பக்கம் பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், அது நிறுத்து என்று. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எதிர் இடத்து மார்வா, "கேக்கலையாம், அவருக்குக் கேக்கலையாம்! சத்தமாச் சொல்லு வெர்லின்!" என்று கத்தினாள். ஆரின் மூன்று எழுதின தட்டைத் தூக்கிப் பிடித்தான்.

வெர்லின் கண்ணாடியைப் பார்த்தாள். டுவேன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தான். நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தபடியே ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

முப்பதடி வீடு எகிறி வந்தது. அவள் லார்ச் பக்கம் பாய்ந்தாள். அவன் ஸ்டியரிங்கை ஒடித்தான். வண்டியின் பின்புறமும் அவள் பாய்ந்த பக்கமே திரும்பியது. மரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் அவள் மாட்டினாள். பின்பக்கத்து ஏணிக் கம்பி அவள் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் சதையை உரித்துக்கொண்டு போயிற்று. இடுப்பு மரத்தில் மோதிய சத்தம் அவளுக்கே கேட்டது. மரப்பட்டையோடு தேய்ந்துகொண்டு எப்படியோ பக்கவாட்டில் பிதுங்கி வெளியே விழுந்தாள். வீட்டுவண்டி அவள் நின்ற இடத்தைத் தாண்டி, கரையைத் தாண்டி, பின்பக்கமாகக் கவிழ்ந்தது. ஜன்னல்கள் வெடித்தன. உள்ளே பாத்திரமெல்லாம் உருண்டு தண்ணீரில் கொட்டியது. பாதிச் சரிவில் ஒரு பழைய மரத்தூரில் அச்சு சிக்கிக்கொண்டு வண்டி நின்றது. பிக்கப்பின் பின்சக்கரங்கள் கரை விளிம்புக்கு நாலடி முன்னால் நின்றன.

கூட்டத்தில் யாரோ ஒருவன் கைதட்டினான். நம்புவீர்களா? கைதட்டினான்.

டுவேன் கியரை மாற்றி முன்னால் இழுத்துப் பார்த்தான். சக்கரம் சரளையைக் கக்கியதே தவிர, வண்டி அசையவில்லை. அப்போதுதான் அவன் கதவைத் திறந்துகொண்டு குதித்தான். இத்தனை வருஷம் லாரி ஓட்டினவன், வெறியில் கியரை நியூட்ரலில் விட்டுவிட்டு, ஹேண்ட் பிரேக்கைக்கூட இழுக்காமல் குதித்தான். கையில் ஜாக்கி சுற்றுகிற இரும்புக் கம்பி.

"அஞ்சு மணிக்கு எங்கடி போற? சொல்லு! அஞ்சு மணிக்கு எங்க போற?"

முதல் அடி அவள் உரிந்த தோளில் விழுந்தது. இரண்டாவது வாயில். மூன்று பல் சரளையில் தெறித்தது. சிரிப்பு நின்றது. யார் கையிலிருந்தோ பியர் டப்பா விழுந்து உருண்டு போயிற்று. ஆனால் ஒருத்தரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இது எங்கே விளையாட்டு முடிந்து எங்கே வேறு ஒன்று ஆரம்பித்தது என்று அவர்களுக்குப் புரியவே இல்லை.

மூன்றாவது தடவை அவன் தலைக்குக் குறி வைத்து ஓங்கினான். வெர்லினுக்கு டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை தலையில் பட்டால். கையில் கட்டை இருந்தது. முப்பத்து நாலு வருஷமாக அவள் கையை விட்டுப் போகாத கட்டை. கயிற்றைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றி அவன் முழங்காலில் விட்டாள். மட்டையடியாக விழுந்தது. முழங்கால் உள்பக்கமாக மடிந்தது. அவன் முகம் குப்புற, பிக்கப்பின் பின்சக்கரத்துக்கு அருகில் விழுந்தான். இடது கையால் முழங்காலைக் கட்டிக்கொண்டு மாடு மாதிரி அலறினான். கம்பி பிடித்த வலது கை சக்கரத்துக்குப் பின்னால் நீண்டு கிடந்தது.

வெர்லின் கட்டையை மறுபடியும் ஓங்கினாள். பிடரி அவளுக்கு எதிரில் திறந்து கிடந்தது. ஒரே போடு. முடிந்தது கதை. அடிக்கத்தான் நினைத்தாள், என்னிடம் மறைக்கவில்லை.

அப்போது கீழே சரிவில் மரத்தூர் படீரென்று பிளந்தது.

பிக்கப் அசைந்தது. ஒரு விரற்கடை. அப்புறம் இன்னொரு விரற்கடை. சரளை நொறுநொறுவென்று நசுங்குகிற சத்தம். டுவேன் எதையும் பார்க்கவில்லை. முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டு அவளைத் திட்டிக்கொண்டிருந்தான். பார்த்தது அவள் ஒருத்திதான். பின்னால் நின்று பார்ப்பதுதானே அவள் வேலை.

"ஹோல்டான்" என்று கத்தவில்லை. கையை விலக்கு என்று சொல்லவில்லை. கட்டையைக் கீழே இறக்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எப்போதும் நிற்கிற மாதிரி சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். அவன் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன்னாடி போடக் கூடாது. அவள் கோணல் விரல் கயிற்றில் மாட்டியிருந்தது.

சக்கரம் முதலில் கம்பியில் ஏறியது. அப்புறம் விரல்களில். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். கையை இழுக்கப் பார்த்தான். வரவில்லை.

"கட்டை!" அந்த மாதிரிக் குரலை அவனிடம் அவள் கேட்டதே இல்லை. "வெர்ல்! கட்டை! கட்டையைப் போடு! கடவுளே, போடு!"

சக்கரம் மணிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. எலும்பு நொறுங்கியது ரோட்டு வரைக்கும் கேட்டது. அவன் தலைக்கும் சக்கரத்துக்கும் இன்னும் ஒன்றரை அடி.

வெர்லின் குனிந்து கட்டையைப் போட்டாள். காலால் ஒரு உதை கொடுத்து இறுக்கினாள். நல்ல வேலைக்காரியின் உதை. வண்டி நின்றது.

அப்புறம்தான் நாற்காலிகள் விழுந்தன. ஆரின் ஓடி வந்து மறுபக்கச் சக்கரத்துக்கு ஒரு பெரிய கல்லை உருட்டி வைத்தான். இரண்டு பேர் ஜாக்கி கொண்டு வந்தார்கள். டுவேனின் கையை எடுத்தபோது அது கையாகவே இல்லை. மார்வா தன் மேஜை விரிப்பைக் கொண்டு வந்து வெர்லினின் தோளில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே, "நான் சத்தமாச் சொல்லுன்னேனே, ஐயோ, நான் சத்தமாச் சொல்லுன்னேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

முக்கால் மணி நேரம் கழித்து ஆம்புலன்ஸும் ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரனும் வந்தார்கள். வந்தவன் சின்ன வயசுக்காரன், மரியாதையாகப் பேசினான். ஸ்ட்ரெச்சரில் கிடந்த டுவேன், "அவதான் தப்பா சிக்னல் குடுத்தா! வான்னு சொன்னா, வந்தேன்! வேணும்னே கையில ஏத்தவிட்டா!" என்று கத்தினான். அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வெர்லின் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாயில் துணி. ஷெரிஃப் ஆள் அவள் எதிரில் வந்து நின்றான்.

"மேடம், ஒண்ணு மட்டும் கேக்கறேன். வண்டி நகர்றதை நீங்க பாத்தீங்க. கட்டை கையில இருந்திச்சு. எப்ப போட்டீங்க?"

அவள் துணியை எடுத்து ரத்தத்தைத் துப்பினாள்.

"அவரு சொன்னப்புறம்."

"அவர் சொன்னப்புறமா?"

"அதான் எங்க வீட்டுப் பழக்கம்."

அந்த ஆள் ஆரினைத் திரும்பிப் பார்த்தான். ஆரினின் கையில் மூன்று எழுதின காகிதத் தட்டு இன்னும் இருந்தது. அவன் அதை அப்போதுதான் பார்த்தான் போல. மடித்தான், மறுபடியும் மடித்தான்.

"சிக்னல் தப்பு இல்ல" என்றான். "கையை இப்படித் தலைக்கு மேல வச்சு நின்னா. இருபது வருஷமா நான் இதைப் பாக்குறேன். நிறுத்துன்னுதான் காட்டுனா. அவன் கண்ணாடியில பாத்தான். பாத்துட்டே மிதிச்சான். நாங்க எல்லாரும் சிரிச்சிட்டு இருந்தோம். நான் மார்க் போட்டேன். அதையும் எழுதிக்க."

"கட்டை?"

ஆரின் வெர்லினைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, தன் சுண்டுவிரலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவன் சொன்னான். அவ போட்டா. என் காதால கேட்டேன்."

அந்த ஆள் எழுதிக்கொண்டான்.

ஆர்டிஸ் சொன்னபடி அஞ்சு மணிக்கே கேட்டுக்கு வந்திருந்தாள். ஆம்புலன்ஸ் உள்ளே போவதைப் பார்த்ததும் காரை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். தங்கச்சியைப் பார்த்ததும் அழவில்லை. திட்டினாள். "போனை சீட்டுல வச்சுட்டுப் போவியாடி, மடச்சி" என்று திட்டிக்கொண்டே அவளைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போகிறேன் என்று யாரிடமும் கேட்காமல் சொல்லிவிட்டாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் அதற்குள் பத்து வண்டி சேர்ந்துவிட்டது. ஆர்டிஸின் காருக்கு முன்னால் ஷெரிஃப் வண்டி. பின்னால் எவனோ ஒருவனின் படகு டிரெய்லர். ரிவர்ஸில்தான் எடுக்க வேண்டும். ஆர்டிஸ் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"இடிச்சிருவேன் போல. வெர்ல், உன்னால முடியும்னா ஒரு நிமிஷம் இறங்கி, பின்னால நின்னு எனக்குச் சொல்றியா?"

வெர்லின் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"நான் இறங்க மாட்டேன். இடிச்சா இடிக்கட்டும், எடு."

ஆர்டிஸ் எடுத்தாள். படகு டிரெய்லரின் விளக்கு உடைந்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.